விடு என்றால்

இரட்டைச் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவருக்குச் சாலை கிடையாது. முதுகுதான் உண்டு. கல்யாணமான புதிதில் புருஷன் அந்த வண்டியைப் பழைய விலைக்கு வாங்கி வந்ததிலிருந்து பல்லுக்காரி பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். சட்டையில் வியர்வை முதலில் எங்கே நனையும், எந்த மேட்டில் தோள் தொங்கும், வழி தெரியாமல் தெரிந்தமாதிரி நடிக்கும்போது கழுத்து எப்படி விறைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் இன்று விடிந்ததும் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே முதுகு இல்லை. வெறும் சாலை நீண்டு கிடந்தது.

பல்லுக்காரி என்பது தெருவில் வைத்த பெயர். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. முன்பின் பார்த்திராத ஆட்களின் வாய் அச்சை மேசைமேல் வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, கடித்தால் மேலும் கீழும் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பாள். வாயில்லாத பற்களோடு நாள் முழுக்க இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவளுக்குப் பேச்சு குறைவு. புருஷனுக்கோ வாய் ஓயாது. லிப்ட் மெக்கானிக். நாலு சுவருக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே நின்று பேசிப்பேசியே அமைதிப்படுத்திப் பழகிய வாய்.

இப்போது பின் இருக்கையில் ஏறி, "அண்ணி, இந்த சீட்டைக் கண்டுபிடிச்சவன் மனுஷனே இல்ல" என்று புலம்பிக்கொண்டிருந்தவள் அவருடைய ஒரே தங்கை. டவுன் பஸ் ஓட்டுகிறாள். டிப்போவில் அவளுக்கு 'சடன்' என்று பெயர். அவள் பிரேக் போடுகிற அழகுக்குக் கிடைத்த பட்டம் அது. அவள் ஒரு தடவை காலை வைத்தால் போதும், பஸ்ஸில் நிற்கிற அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உறவுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஆயுள் முழுக்க முன்னால் உட்கார்ந்தே பழகியவளைச் சாலை தெரியாத இடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? புலம்பத்தான் செய்வாள்.

பயணம் அவர் போட்ட திட்டம். கடலோரத்தில் கிளம்பி, ஆற்றைப் பிடித்துக்கொண்டே போய், அது பிறக்கிற மலைவரைக்கும். ரிட்டையர் ஆனதும் போவோம் என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களை ஓட்டினார். ரிட்டையர் ஆகிற பாக்கியம் அவருக்கு இல்லை. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அவரை முடித்துவிட்டது. மாடிப்படியின் அடியில் வண்டி துருப்பிடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "நாம போயிட்டு வந்துடுவோம் அண்ணி. அவன் ஆசை" என்று ஆரம்பித்தவள் சடன்தான். பல்லுக்காரி மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அந்தக் காரணம் ஒரே ஒரு சொல்.

ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் டாக்டர் அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துப் பேசினார். செயற்கை மூச்சு மெஷினில் போட்டால் நுரையீரல் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது, போடாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, நீங்களும் அவரும் பேசி முடிவு சொல்லுங்கள் என்றார். அவள் கட்டிலுக்குப் போய் அவரிடம் கேட்டாள். அவர் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தி, "விடு" என்றார். அவள் வராண்டாவைத் தாண்டி வந்து டாக்டரிடம், மெஷின் வேண்டாம் என்றாள். மறுநாள் காலையில் அவர் இல்லை.

சாவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. மெஷினில் போட்டிருந்தால் பிழைத்திருப்பான், இவள்தான் அவசரப்பட்டுவிட்டாள் என்று ஒரு சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்றைக்கு டியூட்டியில் இருந்ததால் அண்ணனின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்காதவள் சடன். அவர் 'விடு' என்றதை அண்ணி சொல்லிக் கேட்டிருந்த அவளே எழுந்து நின்றாள். "எங்கண்ணன் வாயாலேயே விட்டுடுன்னு சொல்லிட்டான். அதுக்கப்புறம் எங்கண்ணியைக் கேக்க இங்க யாருக்காவது வாயிருக்கா?" கூடம் அடங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பல்லுக்காரியின் பக்கம் நிற்கிற ஒரே ஜீவன் சடன்தான், அவள் நிற்பது அந்த ஒரு சொல்லின்மேல்தான்.

ஆனால் இந்த வண்டியில் 'விடு' என்றால் அர்த்தம் வேறு.

இரட்டைச் சைக்கிளில் இரண்டு பேருடைய பெடலையும் ஒரே சங்கிலி பிணைத்திருக்கும். ஒருவர் மிதித்தால் மற்றவர் கால் சுற்றியே ஆகவேண்டும். ஒருவர் நிறுத்தும்போது மற்றவர் அழுத்தினால் வண்டி உதறும், சங்கிலி கழன்றுவிடும். அதனால் முன்னால் இருப்பவர் குரல் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். அவர் இரண்டே சொற்கள் வைத்திருந்தார். 'மிதி' என்றால் மிதிக்க வேண்டும். 'விடு' என்றால் காலைச் சும்மா வை, வண்டி தானாக ஓடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், மறுபடி சொல்கிறேன் என்று அர்த்தம். ஒரு 'விடு' வந்தால் பின்னாலேயே ஒரு 'மிதி' வந்தே தீரும். இத்தனை வருஷத்தில் அது வராமல் போனதே கிடையாது.

அவர் அன்று சொன்னது எந்த 'விடு'? என்னைப் போகவிடு என்றாரா, இல்லை நீ கொஞ்சம் ஓய்ந்திரு, நான் திரும்பி வந்து மிதி என்று சொல்கிறேன் என்றாரா? அவள் காதில் அன்று இரண்டும்தான் விழுந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். இது சடனுக்குத் தெரிந்தால் தீர்ந்தது. கூடத்தில் எழுந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஆகவே அந்தச் சொல் மலை வரைக்கும் தன் வாயிலிருந்து வரக்கூடாது என்று பல்லுக்காரி முடிவு கட்டிக்கொண்டுதான் முதல் பெடலை மிதித்தாள்.

துறைமுகத் தெருவைத் தாண்டினார்கள். ஐஸ் பாக்டரி வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டிங் கடை ஷட்டர் பாதி திறந்திருக்க, உள்ளே யாரோ பல் துலக்கிக்கொண்டிருந்தார். முதல் பாலம் வந்தது. ஏறி இறங்க வேண்டும். இறக்கத்தில் பல்லுக்காரி, "நிறுத்து" என்றாள்.

நிறுத்து என்று சொன்னால் சடன் எப்படி நிறுத்துவாள்? பட்டத்துக்குக் குறைவில்லாமல் நிறுத்தினாள். பெடலை அப்படியே இறுக்கி, ஒரு காலைத் தரையிலும் ஊன்றிவிட்டாள். வண்டி பாம்பாக நெளிந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

"என்ன பண்ற நீ?"

"நிறுத்துன்னீங்க, நிறுத்தினேன். இதுல ஏர் பிரேக்கா இருக்கு, மெதுவா நிக்க?"

"மிதிக்கிறதை நிறுத்துன்னு சொன்னேன். வண்டியை இல்ல."

"அதை அப்படிச் சொல்லணும்ல?"

அடுத்த இறக்கத்தில் அவள் வேறு சொல் தேடினாள். பதற்றத்தில், "சும்மா இரு!" என்று வந்துவிட்டது. பின்னால் கால்கள் இன்னும் வீம்பாக மிதித்துக்கொண்டிருந்தன.

"நான் வாயே திறக்கலையே அண்ணி. காலையில இருந்து ஏன் என்மேல எரிஞ்சு விழறீங்க?"

பல்லுக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "உன்னைச் சொல்லலை. காலைச் சொன்னேன்."

"காலையா? என் கால் என்ன பேசிச்சு?"

இந்த லட்சணத்தில்தான் முற்பகல் போயிற்று. ஒரு தடவை சங்கிலி கழன்றது. இருவரும் குந்தி உட்கார்ந்து அதை மாட்டி, கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்கள். "அண்ணன் எப்படித்தான் ஓட்டினானோ இந்தக் கழுதையை? ஏதாவது சொல்லி ஓட்டியிருப்பான்ல?" என்று சடன் கேட்டாள். பல்லுக்காரி காதில் விழாததுபோலக் கையைப் புல்லில் துடைத்தாள்.

ஊர் முடிந்து ஆற்றங்கரைச் சாலை ஏறியதும் இன்னொன்று ஆரம்பித்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

அவருக்கு இடது காலில் ஒரு தூக்கல் உண்டு. வலது காலால் மிதிப்பது சாதாரணமாக இருக்கும், இடது கால் வரும்போது மட்டும் ஒரு சின்ன உந்து சேரும். சங்கிலி வழியாக அது அவள் பாதத்துக்கு வரும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவள் கால் அதோடு ஒத்துப் பழகியிருந்தது. இப்போது மேடு ஏறும்போது அதே உந்து வந்தது, பின்னாலிருந்து. முதலில் பிரமை என்று நினைத்தாள். மறுபடி வந்தது. இடது கால், சின்ன உந்து. அண்ணன் தங்கைக்கு ஒரே கால். குடும்பக் கால் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள். விளக்கம் சொன்னால் போகிற விஷயமா அது? மூச்சும் அப்படியே இருந்தது. மேட்டில் மூக்கால் இழுத்து வாயால் ஊதுகிற மூச்சு. அவள் பிடரியில் அது பட்டது.

திரும்பிப் பார்த்தால் சடனின் முகம் இருக்கும். திரும்பாத வரைக்கும் அங்கே அவர் இருக்கலாம். அவள் திரும்பவில்லை. தன்னை ஏமாற்றிக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. "குழி வருது, இடப்பக்கம்" என்று அவள் சொன்னபோது அது அவர் இழுத்துப் பேசுகிற தொனியில் வந்தது. இத்தனை காலமும் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த குரல் இப்போது தன் தொண்டையில் குடியேறியிருப்பதை அறிந்து அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் பின்னால் இருக்கிறாரா, இல்லை முன்னால் தனக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டுகிறாரா என்பது அவளுக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது. இறங்கவும் மனமில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பெரிய மேடு. முக்கி முனகி ஏறினார்கள். உச்சியில் ஆறு கீழே தெரிந்தது, சாலை நேராக அதை நோக்கி விழுந்தது. வண்டி வேகம் பிடித்தது. பாதி இறக்கத்தில் ஒரு ஆட்டு மந்தை, மேய்ப்பவர் என்று பெயருக்கு ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டு வர, சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து சடன் ஒன்றும் தெரியாமல் உற்சாகமாக மிதித்துக்கொண்டிருந்தாள்.

"விடு!"

சொன்னது தான்தானா என்று பல்லுக்காரிக்கே தெரியவில்லை. பின் கால்கள் சட்டென்று அடங்கின. உதறல் இல்லை, முறுக்கல் இல்லை. அன்று முழுக்கக் கழுதையாக இருந்த வண்டி இப்போது சொன்ன பேச்சுக் கேட்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்தாள். கடைசி ஆட்டின் வாலுக்குப் பின்னால் வளைந்து, மந்தையைக் கடந்து, சமதரைக்கு வந்தார்கள்.

"மிதி" என்றது வாய், தானாக.

பின் கால்கள் மிதித்தன. கொஞ்ச தூரம் அவள் சந்தோஷமாக இருந்தாள், பல மாதங்களுக்குப் பிறகு. அதன்பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

பின்னாலிருந்து பேச்சு வரவில்லை. சடன் பேசாமல் வருவது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். வழியில் லாரிகளை எடை போடும் மேடை ஒன்று வந்தது. விடுமுறை நாள் என்பதால் அலுவலக அறை பூட்டிக் கிடந்தது.

"அண்ணி, வண்டியை ஓரங்கட்டுங்க."

ஓரங்கட்டினாள். சடன் இறங்கி வந்து முன்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், அதுவரை பின்னால் உட்கார்ந்திருந்தவர் இல்லாமல் போனார்.

"அண்ணன் இப்படித்தான் சொல்லி ஓட்டுவானா?"

"ம்."

"விடுன்னா, காலை நிறுத்துன்னு?"

"ம்."

"அப்புறம் மிதின்னு சொல்லுவான்."

சடன் ஹெல்மெட்டைக் கழற்றி எடைமேடையின் இரும்புத் தகட்டின்மேல் வைத்தாள். அவள் அறிவாளி. நெரிசலில் எந்த ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அதன் டிரைவருக்கு முன்னால் கண்டுபிடிக்கிறவள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னதும் இந்த விடுதானா அண்ணி?"

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"எனக்குத் தெரியலை. அன்னைக்கும் தெரியலை, இன்னைக்கும் தெரியலை. ரெண்டுமா இருக்கலாம்னு தோணிச்சு. அவருக்கு மூச்சு இழுத்துச்சு, பார்க்க முடியலை. போதும்கிறாருன்னு எடுத்துக்கிட்டேன்."

"எடுத்துக்கிட்டீங்க." சடனின் குரல் உடைந்தது. "நான் என்ன பண்ணினேன்? சித்தப்பா வாயை அடைச்சேன், ஊர் வாயை அடைச்சேன். எதை வெச்சு? விடுன்னு சொன்னவன் மிதின்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க நீங்க?"

"அந்த வராண்டாவைத் தாண்டுற நேரம்."

சடன் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். காலையில் கையில் ஒட்டிய சங்கிலிக் கறுப்பு கன்னமெல்லாம் பரவியது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் பல்லுக்காரி நினைத்தாள். போனால் தப்பில்லை என்றும் நினைத்தாள். தன்னிடம் இருந்த கடைசி ஆளும் போகட்டும், இனிமேல் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. ஆனால் சடன் போகவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடைமேடையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிச் சொன்னான்?"

"எப்படின்னா?"

"எந்தக் குரல்ல சொன்னான்னு கேக்கறேன். சொல்லிக் காட்டுங்க. உங்களுக்கு அவன் குரல் வருது. காலையில இருந்து கேட்டுக்கிட்டுத்தானே வரேன். குழி வருதுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. என் அண்ணன்தான் முன்னாடி உக்காந்து ஓட்டறான்னு கண்ணை மூடிக்கிட்டு வந்தேன்."

ஆக, நாள் முழுக்க இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் தெரியாமல் அவரோடுதான் வந்திருக்கிறார்கள். பல்லுக்காரிக்கு மறுக்கத் தோன்றவில்லை. கண்ணை மூடினாள். அந்தக் கட்டில், அந்தப் பச்சைத் திரை, முகமூடியை நகர்த்திய விரல். இத்தனை மாதமும் அந்தச் சொல்லின் அர்த்தத்தைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். அது எப்படி ஒலித்தது என்பதை ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. இப்போது அதை வாயால் சொன்னாள். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் சலிப்போடு.

"விடு."

சடன் நிமிர்ந்தாள். "இன்னொரு தடவை."

"விடு."

"இது எனக்குத் தெரியும்." சடன் எழுந்தேவிட்டாள். "அண்ணி, இது எனக்கு நல்லாத் தெரியும். இது போகவிடுன்னு சொல்ற குரல் இல்ல. சைக்கிள் குரலும் இல்ல. சின்ன வயசுல ரோட்டைத் தாண்டும்போது பயத்துல அவன் விரலைப் புடிச்சு முறுக்கிடுவேன். அப்ப இப்படித்தான் சொல்லுவான். பல்லைக் கடிச்சுக்கிட்டு. விடுடி, வலிக்குதுன்னு." அவள் பல்லுக்காரியின் முகத்தையே பார்த்தாள். "அவன் கையைப் புடிச்சிருந்தீங்களா?"

"புடிச்சிருந்தேன். ரெண்டு கையாலயும்."

"எந்தக் கையை?"

பல்லுக்காரி தன் கைகளைப் பார்த்தாள். நாள் முழுக்க மெழுகை அழுத்தி அழுத்தி இறுகிப்போன விரல்கள். நரம்பு கிடைக்காமல் அவருக்குப் புறங்கையில்தான் ஊசியைக் குத்தி ஒட்டியிருந்தார்கள். அது வீங்கியிருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த பயத்தில் அவள் இறுக்கிப் பிடித்தது அந்தக் கையை.

"ஊசி இருந்த கையை" என்றாள்.

ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. சடன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் சாய்ந்தாள். பல்லுக்காரி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விடு என்றதும் அவள் மெஷினை விட்டாள், விடிவதற்குள் அவரையே விட்டுவிட்டாள். டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து மறுபடி பிடித்த அந்தக் கையை மட்டும் விடவில்லை. காலையில் நர்ஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.